வெற்றியும் மனநிறைவும்: நம் கையில் இருப்பது எவ்வளவு?

"எல்லாம் மனசுதான்" என்பார் ஒருவர். "எல்லாம் தலையெழுத்து" என்பார் இன்னொருவர். ஜெயித்தவர்கள் பெரும்பாலும் முதல் கட்சி, அடிபட்டவர்கள் இரண்டாவது கட்சி. ஆளுக்கு ஆள் அனுபவம் வேறு என்பதால் இந்த வழக்கு தீர்வதே இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சிறு சிறு கேள்விகளாக உடைத்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதித்து வருகிறார்கள். கிடைத்த விடைகள் மேடையில் கைதட்டல் வாங்கும் ரகம் இல்லை. அவற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: வெற்றி கிடைப்பதில் மனப்பான்மையின் பங்கு, சுயமுன்னேற்றப் பேச்சுகளில் கேட்பதைவிடக் குறைவு. மனநிறைவு கிடைப்பதில் அதன் பங்கு, நாம் சாதாரணமாக நினைப்பதைவிட அதிகம்.

மனப்பான்மை என்றதும் உற்சாகம், தன்னம்பிக்கை, நேர்மறை எண்ணம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அவ்வளவு வேண்டாம். இப்போதைக்கு ஒரே ஒரு கணிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். "நான் ஏதாவது செய்தால், அதனால் ஏதாவது மாறுமா?" இந்தக் கேள்விக்கு நம் உள்ளுக்குள் ஒரு பதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் நடந்துகொள்வது அதன்படிதான்.

ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளே வெளியிட்டார். தனக்கு நடப்பதற்குத் தன் செயலே முக்கியக் காரணம் என்று நினைப்பவர்கள் ஒரு முனை. அதிர்ஷ்டமோ, விதியோ, அதிகாரத்தில் இருப்பவர்களோதான் காரணம் என்று நினைப்பவர்கள் மறுமுனை. நம்மில் பெரும்பாலோர் நடுவில் எங்கோ இருக்கிறோம். ஒரு பரீட்சையில் தோற்ற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். "நான் சரியாகத் தயாராகவில்லை" என்கிறார் ஒருவர். "கேள்வித்தாளே அநியாயம்" என்கிறார் மற்றவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம், அதைப் பற்றி இப்போது கவலை இல்லை. அடுத்த வாரம் யார் புத்தகத்தைத் திறப்பார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

முயற்சி நின்றுபோவது எப்படி?

இந்தக் கணிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு, 1967-இல் வெளியான ஒரு பரிசோதனை முக்கியமான தடயம். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்துச் செய்தது. இன்றைக்கு அனுமதி கிடைப்பது சந்தேகம்தான், படிக்கவே கஷ்டமாக இருக்கும். சில நாய்களுக்கு வலிக்கும்படி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் ஒரு புதுப் பெட்டிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் போதும், தப்பித்துவிடலாம். முதல் வகை நாய்கள் சீக்கிரமே தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. அப்படியே படுத்துக் கிடந்தன.

இரண்டு வகை நாய்களும் பட்ட வலி ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். "நான் செய்வதால் எதுவும் மாறவில்லை" என்ற அனுபவம்தான் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தது.

இந்தக் கதையை இதுவரைதான் பலரும் சொல்வார்கள். இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படுத்துக் கிடந்த நாய்களை எப்படி மீட்டார்கள்? தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், தின்பண்டம் காட்டிப் பார்த்தார்கள். பலன் இல்லை. கடைசியில் கழுத்தில் வாரைக் கட்டி, தடுப்பைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பத் திரும்ப அப்படிச் செய்தபின், அவை தாமாகவே தாண்ட ஆரம்பித்தன. அதாவது நகர்ந்து பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள். நாய்கள் சோர்ந்துபோகக் கற்றுக்கொண்டன என்று அன்று சொல்லியிருந்தார்கள். மூளை ஆய்வுகள் காட்டியது வேறு. நீண்ட துன்பத்துக்கு முன் முடங்கிப்போவது உடம்பின் இயல்பான எதிர்வினை. நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நெருக்கடியில் சுருண்டு படுத்துக்கொள்பவரைப் பார்த்து "மனவலிமை இல்லாதவர்" என்று சொல்வதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

மனிதர்களிடம் இதையே ஆல்பர்ட் பண்டூரா வேறு வழியில் ஆராய்ந்தார். "இந்த வேலையை என்னால் செய்ய முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டு, 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் கொடுக்கும் ஊக்கம், அந்த நேரத்து உடல் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. "உன்னால் முடியும்" என்ற பேச்சுக்கு அதோடு ஒப்பிட்டால் பலம் குறைவு. நீச்சல் தெரியாதவரைக் கரையில் உட்காரவைத்து எவ்வளவு பேசினாலும் பயம் போகாது. இடுப்பளவு நீரில் ஐந்து நொடி மிதந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வாழ்க்கையின் மற்ற காரியங்களில் நாம் முதலில் நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

அப்படியானால் நினைத்தது நடக்குமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. கேரல் ட்வெக் என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து "வளர்ச்சி மனப்பான்மை" என்ற கருத்து பிரபலமானது. திறமை பிறவியிலேயே முடிவானது என்று நம்புபவர்கள் தோல்விக்குப் பயந்து ஒதுங்குவார்கள். முயற்சியால் வளரக்கூடியது என்று நம்புபவர்கள் கஷ்டமான வேலையையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்பது அதன் சாரம். 1998-இல் அவரும் கிளாடியா முல்லரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு புதிரைச் செய்து முடித்த சிறுவர்களில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான ஒன்றில் தோற்றபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள்தான் அதிகம் சோர்ந்தார்கள்.

அழகான கருத்து. அதனாலேயே அளவுக்கு மீறி விற்கப்பட்டது. 2019-இல் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஓர் இணையப் பயிற்சி, அவ்வளவுதான். மதிப்பெண் குறைந்திருந்த மாணவர்களின் சராசரி கொஞ்சம் உயர்ந்தது. எவ்வளவு? நான்கு புள்ளியை ஒட்டிய அளவுகோலில் 0.1 புள்ளி. அதுவும் கஷ்டமான பாடத்தை விரும்பி எடுப்பது கேலிக்குரியதாக இல்லாத பள்ளிகளில்தான் நன்றாக வேலை செய்தது. இவ்வளவு மலிவான பயிற்சிக்கு இது மோசமில்லை. ஆனால் "மனதை மாற்று, வாழ்க்கையே மாறும்" என்று முழங்குவதற்கு இது போதாது.

கனவு காண்பது பற்றியும் ஒரு வார்த்தை. காப்ரியேல் ஓட்டிங்கன், தாமஸ் வாடன் ஆகியோர் 1991-இல் எடை குறைப்புப் பயிற்சியில் இருந்த பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். "என்னால் குறைக்க முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாகக் குறைத்தார்கள். இளைத்த பிறகு எப்படியெல்லாம் ஜொலிப்பேன் என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். எதிர்பார்ப்பும் பகற்கனவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். எதிர்பார்ப்பு ஆளை வேலைக்கு அனுப்புகிறது. பகற்கனவு வேலை முடிந்துவிட்ட சுகத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது.

அதிர்ஷ்டத்தின் கணக்கு

வெற்றியைப் பற்றிப் பேசுபவர்கள் விட்டுவிடும் பகுதி இது. மேத்யூ சால்கனிக்கும் அவர் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இணையத்தில் ஒரு செயற்கையான இசைச் சந்தையை உருவாக்கினார்கள். யாருக்கும் அதிகம் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், 14,000-க்கும் மேற்பட்ட கேட்பவர்கள். கேட்பவர்களை ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத எட்டு "உலகங்களாக" பிரித்தார்கள். ஒவ்வொரு உலகத்திலும், அங்கே எந்தப் பாட்டை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். தனியாக இன்னொரு பிரிவினருக்கு எந்த எண்ணிக்கையும் காட்டவில்லை.

பாடல்கள் அதேதான். ஆனால் ஓர் உலகத்தில் முன்னணியில் இருந்த பாட்டு இன்னோர் உலகத்தில் நடுவில் எங்கோ கிடந்தது. ஆரம்பத்தில் யாரோ சிலர் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தது, பின்னால் வந்தவர்களை இழுத்துக்கொண்டு போனது. தரத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. எண்ணிக்கை தெரியாதவர்கள் மிகவும் விரும்பிய பாடல்கள் எந்த உலகத்திலும் அநேகமாக அடிமட்டத்துக்குப் போகவில்லை. அவர்கள் ஒதுக்கியவை அபூர்வமாகத்தான் உச்சிக்கு வந்தன. இடைப்பட்டவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. நம்மில் பெரும்பாலோர் வேலை பார்ப்பது அந்த இடைப்பட்ட பகுதியில்தான் என்பதை நினைத்தால், ஜெயித்தவரின் கர்வமும் தோற்றவரின் குற்றவுணர்வும் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று. மனப்பான்மையே சூழ்நிலையின் பிள்ளையாக இருக்கலாம். குழந்தைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, "சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லும் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வால்டர் மிஷல் ஸ்டான்ஃபோர்டில் நடத்தியது. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் முந்தினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் முடிவு. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு மறுபடி பார்த்தபோது, அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதி அளவுதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி காணாமல் போனது.

அதற்கு முன்பே, 2013-இல், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தார்கள். மிட்டாய்ச் சோதனைக்கு முன் குழந்தைகளிடம் "நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன், கொஞ்சம் பொறு" என்றார் ஒரு பெரியவர். ஒரு பிரிவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறு பிரிவுக்கு வெறுங்கையோடு வந்து "இல்லையாம்" என்றார். அப்புறம் மிட்டாய்ச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். பங்கெடுத்தது 28 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் யோசிக்க வைக்கிறது. கையில் இருப்பதை உடனே தின்றுவிடும் குழந்தையைக் கட்டுப்பாடு இல்லாதது என்கிறோம். சொன்ன சொல் காப்பாற்றப்படாத இடத்தில் அந்தக் குழந்தை செய்ததுதான் புத்திசாலித்தனம்.

ஆக, உள்ளே ஓடும் கணிப்புக்கு எவ்வளவு சக்தி? பூட்டியிருக்கும் என்று நினைப்பவர் கதவைத் தள்ளிப் பார்ப்பதே இல்லை. பூட்டவில்லை என்று நம்பினால் பூட்டு திறந்துவிடாதுதான். ஆனால் எந்தக் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது என்பது தள்ளிப் பார்ப்பவருக்குத்தான் தெரியவரும். வெற்றி விஷயத்தில் மனப்பான்மை செய்யும் வேலை இவ்வளவே. சிலருக்குத் தள்ளிப் பார்க்கப் பத்துக் கதவு கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றுகூட அபூர்வம். அந்த வித்தியாசத்தை மனப்பான்மையால் சரிக்கட்ட முடியாது.

முடிவெடுப்பது: சிறியதும் பெரியதும்

அன்றாட முடிவுகளுக்கு ஒரு எளிய உத்தி உண்டு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. "இனிமேல் உடற்பயிற்சி செய்வேன்" என்று பொதுவாக முடிவெடுப்பதற்குப் பதில், "காலையில் பல் துலக்கியதும் பத்து நிமிடம் நடப்பேன்" என்று நேரத்தையும் இடத்தையும் ஒரு செயலோடு சேர்த்து முடிச்சுப் போடுவது. 2006-இல் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நினைத்ததைச் செய்து முடிப்பதில் இது கணிசமாக உதவுவது தெரிந்தது. மன உறுதியை அந்த நொடியில் தேடவேண்டிய அவசியம் குறைகிறது. முடிவை நேற்றே எடுத்தாயிற்று. இதில் இதற்கு மேல் தத்துவம் எதுவும் இல்லை, செய்து பார்க்கலாம்.

பெரிய முடிவுகள் அப்படி இல்லை. வேலையை விடலாமா, ஓர் உறவை முறித்துக்கொள்ளலாமா என்று மாதக்கணக்கில் ஊசலாடுபவர்களுக்கு உதவ, பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் விசித்திரமான ஒரு வேலை செய்தார். இணையத்தில் அவர்களுக்காக நாணயத்தைச் சுண்டினார். தலை விழுந்தால் மாற்றம், பூ விழுந்தால் இருப்பதே தொடரட்டும். 20,000-க்கும் மேற்பட்ட சுண்டல்கள். எல்லாரும் நாணயத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆனாலும் தலை விழுந்தவர்களில் மாற்றத்தைச் செய்தவர்கள் அதிகம். பெரிய முடிவுகளில் அப்படி மாறியவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது சராசரியாக அதிக மகிழ்ச்சியோடு இருப்பதாகச் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள். நாணயம் சுண்டிக் கேட்கும் அளவுக்கு ஏற்கெனவே இரண்டு மனமாக இருந்தவர்களைப் பற்றிய ஆய்வு இது. திருப்தியோடு இருப்பவருக்கு இது எதையும் சொல்லவில்லை. நீண்ட நாள் ஊசலாடிக்கொண்டிருந்தால், இருக்கும் இடத்திலேயே இருப்பதன் பக்கம் நாம் கொஞ்சம் அதிகமாகச் சாய்கிறோம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜெயித்தவருக்கு ஏன் நிறைவில்லை?

ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பேரி ஷ்வார்ட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரையின் மையத்துக்கே வருகிறது. படிப்பை முடித்து வேலை தேடும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சிலர் எதிலும் ஆகச் சிறந்ததே வேண்டும் என்று கடைசிவரை தேடுபவர்கள். சிலர் தனக்கு இன்னின்னது இருந்தால் போதும் என்று முன்பே தீர்மானித்து, அது கிடைத்ததும் நிறுத்திக்கொள்பவர்கள். முதல் வகையினருக்குக் கிடைத்த ஆரம்பச் சம்பளம் சுமார் 20 சதவீதம் அதிகம். கிடைத்த வேலையில் திருப்தி குறைவாக இருந்ததும் அவர்களுக்குத்தான். தேடும் காலம் முழுக்கக் கவலையும் அலைக்கழிப்பும் வேறு.

வெற்றியும் நிறைவும் வேறு வேறு கணக்குகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை என்பது என் கருத்து. முதல் கணக்கில் வரவு வைக்கும் அதே பழக்கம் இரண்டாவது கணக்கில் செலவு எழுதுகிறது. தேர்ந்தெடுக்காமல் விட்ட வாய்ப்புகளையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், கையில் உள்ளது எதுவாக இருந்தாலும் குறையாகத்தான் தெரியும்.

இதையே டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002-இல் வேறொரு கோணத்தில் காட்டினார்கள். புகைப்படம் கற்க வந்த மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு நல்ல படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரிவினர் சில நாட்களுக்குள் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். மறு பிரிவினருக்கு எடுத்தது எடுத்ததுதான். மாற்ற முடியாதவர்கள்தான் தங்கள் படத்தை அதிகம் விரும்பினார்கள். ஆனால் எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்று வேறு மாணவர்களிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் மாற்றிக்கொள்ளும் வசதியைத்தான் கேட்டார்கள்! எல்லா வழியையும் திறந்தே வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை நாம் முன்கூட்டி உணர்வதில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் நிறைவுக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: செய்வதைத் தன் விருப்பத்தோடு செய்கிறோம் என்ற உணர்வு, அதில் கை தேறிவருகிறது என்ற உணர்வு, நமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. டெசி 1971-இல் செய்த சோதனை ஒன்றில், மாணவர்கள் விரும்பிச் செய்த ஒரு புதிர் விளையாட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். பிறகு பணத்தை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவதே குறைந்துவிட்டது. கூலி வந்ததும் விளையாட்டு வேலையாகிவிட்டது. மூன்றாவது தேவைக்கு, 1938-இல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஹார்வர்டின் நீண்டகால ஆய்வு சாட்சி. 724 ஆண்களோடு ஆரம்பித்தது. முதுமையில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை, நடுவயதில் அவர்களுடைய உறவுகள் எவ்வளவு திருப்தியாக இருந்தன என்பது நன்றாகவே காட்டிக்கொடுத்தது.

கடைசியாக, கைவிடுவது. விடாமுயற்சியைப் புகழ்ந்து எவ்வளவோ எழுதியாயிற்று. நிறுத்திக்கொள்வதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. கார்ஸ்டன் ரோஷும் சகாக்களும் 2003-இல் இதை ஆராய்ந்தார்கள். எட்டவே முடியாது என்று தெரிந்துபோன இலக்கை விட்டுவிட முடிந்தவர்களும், அந்த இடத்தில் இன்னொரு இலக்கை வைத்துக்கொள்ள முடிந்தவர்களும், விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள். இதில் சிக்கல், எட்ட முடியாதது எது, இன்னும் கொஞ்சம் முயன்றால் எட்டிவிடக்கூடியது எது என்று உள்ளே இருக்கும்போது தெரிவதில்லை. இதற்கு எந்த ஆய்விலும் சூத்திரம் கிடையாது. நடைமுறையில் உதவக்கூடியது ஒன்றுதான்: ஆரம்பிக்கும்போதே, மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில், "இந்தத் தேதிக்குள் இந்த அளவாவது நகரவில்லை என்றால் மறுபடி யோசிப்பேன்" என்று எழுதி வைத்துக்கொள்வது. அந்தத் தேதி வந்ததும், எழுதியதை உங்கள் முயற்சியில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.